அக்கா எத்தனை மணிக்கு வந்து சேருவாள்?

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு எங்கள் தாத்தா இறந்துபோனார். தருமபுரி பக்கத்தில் ஒரு கிராமம். அக்கா இருப்பது அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில். தாத்தா தூக்கி வளர்த்த பிள்ளை. "அவ முகத்தைப் பாக்காம எடுக்கக் கூடாது" என்று பாட்டி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டி வந்தது. பந்தல் போட்டாச்சு.

அக்காவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: "இங்க நைட் 8.30 ஃப்ளைட் கிடைச்சிருச்சு, நேரா பெங்களூரு." அதோடு போன் ஆஃப். நம் கடிகாரப்படி அது வெள்ளிக்கிழமை காலை 10 மணி (பிப்ரவரியில் அவர்கள் நம்மைவிட 13½ மணி நேரம் பின்னால்). பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, எத்தனை மணிக்கு வருவான்னு கணக்குப் போட்டுச் சொல்லு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி எடுக்கணும்."

போட்டேன். தூரம் கிட்டத்தட்ட 14,000 கி.மீ., வேகம் மணிக்கு 900. வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். வெள்ளி காலை பத்து மணியோடு கூட்டினால் ராத்திரி ஒன்றரை மணிக்கு பெங்களூரு. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம், கார் இரண்டரை மணி நேரம். "விடியக்காலை அஞ்சு மணிக்கு வீட்ல இருப்பா பெரியப்பா" என்றேன். அவர் ஆறரைக்கு எடுப்பதாக எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

அந்த ஐந்து மணி தப்பு. எங்கே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் நான் தப்புப் பண்ணவில்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டுங்கள். நடுவயிற்றில் சரியாக மாட்டினால் நிற்கும். கொஞ்சம் மேலே தள்ளி மாட்டினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். உருண்டையின் மையத்தைச் சுற்றிப் போகிற வட்டம்தான் நிற்கும். அதற்குப் பெரு வட்டம் என்று பெயர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி எப்போதும் ஒரு பெரு வட்டத்தின் துண்டுதான். சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கிற கோடு அது இல்லை. அந்த மாதிரி வரைபடத்தை 1569-இல் மெர்கேட்டர் வரைந்தது கப்பல்காரர்களுக்காக. ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போனால் எங்கே சேரலாம் என்று காட்டுவதற்கு. தூரம் அளப்பதற்கு அல்ல. கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா சைஸுக்குத் தெரிவதும் அதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு.

கணக்கு ப்ளஸ் டூ முக்கோணவியல்தான். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வடக்கு 37.6 டிகிரி, மேற்கு 122.4. பெங்களூரு வடக்கு 13.2, கிழக்கு 77.7. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 200.1, மறுபக்கமாகச் சுற்றினால் 159.9. சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காஸ் (கோணம்) = சைன் 37.6 × சைன் 13.2 + காஸ் 37.6 × காஸ் 13.2 × காஸ் 159.9

கால்குலேட்டரில் போட்டால் மைனஸ் 0.585 வரும். அதற்கான கோணம் 125.8 டிகிரி. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 13,990 கி.மீ. அவ்வளவுதான். எந்த இணையதளத்தில் இரண்டு ஊரைக் கொடுத்துத் தூரம் கேட்டாலும் உள்ளே ஓடுவது இதே கணக்கின் ஏதோ ஒரு வடிவம்தான். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை என்பதைச் சேர்த்தாலும் இந்த விடை சில கிலோமீட்டர்தான் மாறும்.

நூல் ஒன்றை உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். எங்கள் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கும் உருண்டையில் நான் பிறகு பிடித்துப் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நூல் மேற்கே பசிபிக் கடலின் நடுவே போகாது. வடமேற்காக ஏறி அலாஸ்காவைக் கடந்து, ஆர்க்டிக் கடலோரமாக 71 டிகிரி வரை போய், சைபீரியா, மங்கோலியா, திபெத் வழியாக இறங்கி, நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப் பக்கமாக இந்தியாவுக்குள் வருகிறது. அழகான வழி. ஆனால் அக்காவின் விமானம் அந்த வழியில் வரவில்லை.

வெள்ளி ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளைட் டிராக்கர் ஆப்பைத் திறந்தேன். என் கணக்குப்படி இன்னும் மூன்று மணி நேரம்தான் பாக்கி. விமானம் சீனாவுக்குள் இருக்க வேண்டும். அது கஜகஸ்தானுக்கு மேலே இருந்தது, நான் நினைத்த கோட்டுக்கு ரொம்ப மேற்கே. பெங்களூருவில் இறங்கும் நேரம்: அதிகாலை 3.45. மொத்தம் பதினேழே முக்கால் மணி நேரம். வயிறு கலங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஆறரைக்கு வரக் கிளம்பியிருப்பார்கள்.

ஏன் அவ்வளவு மேற்கே?

ஒரு காரணம் திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் மேலிருந்து ஆக்சிஜன் மாஸ்க் விழும் என்று எல்லா விமானத்திலும் செய்து காட்டுகிறார்களே, அந்த ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் அளவுக்குத்தான் வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிட வேண்டும், அங்கே மாஸ்க் இல்லாமல் மூச்சு விடலாம். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15,000 அடி. பத்தாயிரத்துக்கு இறங்கினால் தரைக்குள் போக வேண்டியதுதான். கூடுதல் ஆக்சிஜனும் முன்கூட்டியே திட்டமிட்ட தப்பிக்கும் வழிகளும் இருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போக முடியும். அதனால் பெரும்பாலான நெடுந்தூர விமானங்கள் திபெத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அக்கா விமானத்தை மேற்கே தள்ளியதில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் எஞ்சின் எண்ணிக்கை. இப்போது இந்த மாதிரி தூரத்துக்குப் போவதெல்லாம் இரட்டை எஞ்சின் விமானங்கள். ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றதை வைத்து இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தைத் தொட முடிய வேண்டும் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவில் 1953-இல் அது 60 நிமிடம். 1985-இல் 120 ஆனது. 2011-இல் போயிங் 777-இன் சில ரகங்களுக்கு 330 நிமிடம் வரை கொடுத்தார்கள். இது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா 777-இல் எஞ்சின் கோளாறு வந்தது. அது இறங்கிய இடம் ரஷ்யாவின் தூரகிழக்கில் மகதான். இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே தங்கி, மும்பையிலிருந்து வேறு விமானம் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது. வழியில் ஒரு மகதான் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கோடு போடுகிறார்கள்.

துருவப் பக்கம் போனால் நமக்குத் தோன்றாத தொல்லைகள் நிறைய. விமான எரிபொருள் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே. வெளியே மைனஸ் 60, 70 இருக்கும் இடத்தில் மணிக்கணக்காகப் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும். உறைநிலையை நெருங்குவதற்கு மூன்று டிகிரி முன்பே விமானி உயரத்தைக் குறைக்கவோ, வேகத்தைக் கூட்டவோ, வழியை மாற்றவோ வேண்டும். வேகம் கூட்டினால் எப்படிச் சூடாகும் என்று கேட்காதீர்கள், நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சாரிடம் கேளுங்கள். காற்று உரசலும் அமுக்கமும் இறக்கையின் தோலைச் சூடாக்கும். காந்தத் திசைகாட்டி அங்கே நம்ப முடியாது. பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் தொடர்பு செயற்கைக்கோள்கள் 82 டிகிரிக்கு வடக்கே தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். விமானத்தில் இரண்டு கடுங்குளிர் உடைகளாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, இறங்கினால் வெளியே போய்ப் பார்க்க யாராவது வேண்டுமே. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பெங்களூருவுக்கு வந்தார்களே, அது பெரிய செய்தியானதற்கு இந்தத் தொல்லைகளும் காரணம். அந்தப் பயணம் ஏறத்தாழ 16,000 கி.மீ. என்று அப்போது சொன்னார்கள். நேரம் 17 மணிக்குக் கொஞ்சம் மேல். நம் காஸ், சைன் விடையைவிட 2,000 கி.மீ. அதிகம்.

மூன்றாவது, அரசியல். வானத்துக்கும் எல்லை உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றுக்கொன்று வானத்தை மூடிக்கொண்டன. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர், அதற்குப் பிறகு துருவத்தையோ தென் பக்கத்தையோ சுற்றி ஏறத்தாழ 13 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஊரும் ஒரு மீட்டர்கூட நகரவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கும் இதே கதைதான்.

சரி, தூரம் போகட்டும். நான் போட்ட 900? இதில்தான் பெரிய ஓட்டை.

777 மாதிரி விமானம் மாக் 0.84-இல் போகும், அதாவது ஒலியின் வேகத்தில் 84 சதவீதம். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. தான். அதில் 0.84 பங்கு 890. ஆக 900 சரி. ஆனால் எதற்குச் சரி? சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்துச் சரி. தரையைப் பொறுத்து இல்லை. ஓகேனக்கல்லில் பரிசல்காரர் எவ்வளவு பலமாகத் துடுப்புப் போட்டாலும், கரையில் நிற்கிறவருக்குத் தெரியும் வேகம் தண்ணீரின் ஓட்டத்தையும் சேர்த்துத்தானே.

மேலே காற்று சும்மா நிற்கவில்லை. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் காற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் பலமாக இருக்கும், சில நேரம் மணிக்கு 300 கி.மீ.-க்கும் மேல். 1920-களில் ஜப்பானில் வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் பலூன் விட்டு இதை அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே உலகத்தில் கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. (பேப்பர் எந்த மொழியில் எழுதலாம் என்று யோசிக்கும் ஃபைனல் இயர் அண்ணன்கள் கவனிக்க.) இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான் இதே காற்றில் ஆயிரக்கணக்கான வெடிகுண்டு பலூன்களை அமெரிக்காவுக்கு மிதக்க விட்டது.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரியைப் பாருங்கள். சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கும் மேல். தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.-ஐத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. காற்றைப் பொறுத்து அது தன் வழக்கமான வேகத்தில்தான் போனது.

இதைவிட எனக்குப் பிடித்தது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ கதை. ஏர் இந்தியா முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஒரு நாள் திருப்பி, கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் 15,300 கி.மீ., 1,400 அதிகம். நேரம்? பதினான்கரை மணி. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு! 15,300-ஐ 14.5-ஆல் வகுங்கள், சராசரி மணிக்கு 1,055 கி.மீ. காற்று தள்ளிவிட்டிருக்கிறது. உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்குத்தான் இந்த வசதி, எந்தப் பக்கம் போனாலும் தூரம் பெரிதாக மாறாது; காற்றைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2005 நவம்பரில் போயிங் தன் 777-200எல்ஆர் எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு விட்டபோது, பக்கத்து வழியான மேற்கை விட்டுக் கிழக்கே பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று சுற்றிப் போனார்கள்: 21,602 கி.மீ., 22 மணி 42 நிமிடம், நடுவில் எங்கும் இறங்காமல். கிழக்கே போனால்தான் காற்று கூட வரும்.

அக்காவின் விமானம் எதிர்ப் பக்கம். அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்குப் பசிபிக் வழியாக மேற்கே வந்தால் ஜப்பானுக்கு மேலே உலகத்திலேயே பலமான ஜெட் ஸ்ட்ரீம் முகத்தில் அடிக்கும், அதுவும் பிப்ரவரியில். அதைத் தவிர்க்கத்தான் வடக்கே ஏறிப் போவது. தூரம் கூடினாலும் எதிர்க்காற்று குறைவு. நான் பெரு வட்டத் தூரத்தையும் காற்றில்லா வேகத்தையும் வைத்து வகுத்தேன். இரண்டுமே நிஜ விமானத்துக்குக் கிடைக்காதவை.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம், சராசரி சரியாகிவிடும் என்று என் ரூம்மேட் வாதாடினான். அதுவும் இல்லை. 14,000 கி.மீ., வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றோடு 1,000 வேகம், 14 மணி. எதிர்த்து 800, பதினேழரை மணி. மொத்தம் 31.5. காற்றே இல்லாவிட்டால் 31.1. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

இதுபோக டிக்கெட்டில் போடும் நேரம் கதவை மூடி விமானம் பின்னால் நகர்வதிலிருந்து, ஊர் வந்து நிற்கும் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறும்போதும் இறங்கும்போதும் குறைந்த வேகம், இறங்க வரிசை எல்லாம் அதற்குள் அடக்கம். கணக்கில் வந்ததோடு இதற்கு மட்டும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. நான் சேர்க்கவில்லை.

அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியப்பாவை எழுப்பிச் சொன்னேன். திட்டவில்லை. "எட்டுக்குள்ள வந்துருவாளா?" என்று மட்டும் கேட்டார். ஆப்பைக் காட்டினேன். அவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நேரத்தை மாற்றினோம். மேளக்காரருக்கும் அந்நேரத்தில் எழுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா ஏழு இருபதுக்கு வந்து இறங்கினாள். எட்டரைக்கு எடுத்தோம்.

காரியம் முடிந்து அவள் திரும்பிப் போனது ஒரு மத்தியானம் இரண்டு இருபது விமானத்தில். இந்தத் தடவை டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்: 16 மணி நேரம், வந்ததைவிட ஒன்றே முக்கால் மணி குறைவு. ஆப்பில் அது வங்காள விரிகுடா, சீனா, ஜப்பான் என்று கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா போட்டோ அனுப்பினாள், அவள் ஊரில் சாயங்கால வெயில். பெரியப்பா போனை வாங்கி நேரத்தைப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் ரெண்டே காலுக்குத்தானடா ஏறுனா? அங்க இப்பவும் நேத்து சாயங்காலம் அஞ்சு மணிங்கிறா. ரெண்டே முக்கால் மணி நேரத்துலயா போயிட்டா?"

சாத்துக்குடி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.